சொல்லைச் சோதிக்க அஞ்சுவதேன்?

ஆங்கிலம் பேசும் நாடுகளில் சென்ற நூற்றாண்டு முழுவதும் கோலோச்சிய மெய்யியலைப் பற்றி நம் கத்தோலிக்க வட்டங்களில் பேச்சு எழும்போதெல்லாம் மூன்று குற்றச்சாட்டுகளைக் கேட்கிறோம். அது கடவுளை மறுப்போரின் படைக்கலம் என்பது ஒன்று. வாழ்வின் பெருங்கேள்விகளைக் கைவிட்டுச் சொற்களைக் கொண்டு சிலம்பமாடும் வீண்வேலை என்பது மற்றொன்று. அது அந்நியச் சரக்கு, தமிழ் மண்ணுக்கு ஒட்டாதது என்பது மூன்றாவது. குருமடத்தில் மெய்யியல் பயின்றோரும் இவ்வாறு சொல்கின்றனர். ஞாயிறு திருப்பலி முடிந்து ஆலய முற்றத்தில் நம்மோடு உரையாடும் படித்த பொதுநிலையினரும் சொல்கின்றனர். இம்மூன்றும் பிழை என்பதே நம் வாதம். இப்பிழையால் இழப்பவர்கள் அறிஞர்கள் அல்லர். மீஞ்சூர் தொடங்கி எண்ணூர், திருவொற்றியூர், இராயபுரம் வரை ஆலைகளுக்கும் கடலுக்கும் இடையே வாழும் நம் எளிய மக்களே என்பதையும் இக்கட்டுரையில் எடுத்துக்காட்ட விழைகிறோம்.

பகுப்பாய்வு மெய்யியல் என்று பெயர் பெற்றுள்ள இம்மரபின் உயிர்நாடி ஒரே கேள்விதான்: “நீர் சொல்வதன் பொருள் என்ன?” இக்கேள்வியைப் பகைவரிடம் கேட்பது எளிது. நம்மிடமே கேட்டுக்கொள்வதுதான் கடினம்.

வரலாற்றிலிருந்து தொடங்குவோம். 1879ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் திருத்தந்தை 13ஆம் லியோ ‘ஏத்தேர்னி பாத்ரிஸ்’ என்னும் சுற்றுமடலை வெளியிட்டு, புனித தோமா அக்குவினாரின் மெய்யியலுக்குக் கத்தோலிக்கக் கல்விக்கூடங்களில் மீண்டும் முதலிடம் தந்தார். அதே 1879இல், செருமனியின் யேனா நகரில் கணிதம் கற்பித்துவந்த ஃபிரேகே என்பவர், கருத்துகளை எழுதுவதற்கென ஒரு புதிய குறியீட்டு முறையை வகுத்துச் சிறு நூலொன்றை வெளியிட்டார். முன்னதை உலகம் அறிந்தது. பின்னதை அன்று எவரும் பொருட்படுத்தவில்லை. எனினும் அரிஸ்டாட்டில் காலந்தொட்டுப் பெரிதும் மாறாதிருந்த தருக்கவியல் அந்நூலோடு புதுப்பிறவி எடுத்தது.

அதனால் விளைந்த நன்மையை ஓர் எளிய எடுத்துக்காட்டால் விளக்கலாம். “ஒவ்வொருவருக்கும் ஒரு தாய் உண்டு” என்பது உண்மை. அதிலிருந்து “எல்லாருக்கும் ஒரே தாய்தான் உண்டு” என்று முடிவு செய்தால் குழந்தையும் சிரிக்கும். ஆனால், “ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் உண்டு, ஆகவே எல்லாவற்றுக்கும் ஒரே காரணம் உண்டு, அவரே கடவுள்” என்று மேடையில் முழங்கினால் நம்மில் பலர் கைதட்டுகிறோம். இரண்டு வாதங்களின் எலும்புக்கூடும் ஒன்றே. புனித தோமாவின் வாதங்கள் இத்துணை மலிவானவை அல்ல. அவற்றை மலிவாக்கி விற்போரிடமிருந்து மீட்கவே இத்தருக்கம் நமக்குத் தேவைப்படுகிறது. அப்பணியைச் செய்தோரில் முதன்மையானவர் பீட்டர் கீச் என்னும் கத்தோலிக்க மெய்யியலார் என்பதை நினைவில் கொள்க.

ஃபிரேகே 1892இல் எழுதிய ஒரு கட்டுரையில், விடிவெள்ளியும் அந்திவெள்ளியும் ஒரே கோளைச் சுட்டினும், அவை அதனை நமக்குக் காட்டும் வழிகள் வேறு என்று விளக்கினார். சுட்டப்படும் பொருள் ஒன்று. சொல் அதை முன்வைக்கும் முறை வேறு. விடியுமுன் கடலுக்குச் செல்லும் பழவேற்காட்டு மீனவருக்கு இதில் வியப்பேதும் இராது. தமிழ்க் கத்தோலிக்கருக்கோ இது நெருங்கிய செய்தி. 1578இல் கொல்லத்தில் அச்சேறிய நம் நூலின் பெயர் ‘தம்பிரான் வணக்கம்’. பின்னர் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் இராபர்ட் தெ நோபிலி ‘சருவேசுரன்’ என்று எழுதினார். இன்று நாம் ‘இறைவன்’ என்றும் ‘கடவுள்’ என்றும் சொல்கிறோம். சுட்டப்படுபவர் ஒருவரே. ஆனால் ஒவ்வொரு சொல்லும் அவரை ஒவ்வொரு முகமாக நமக்குக் காட்டுகிறது. ‘இஸ்பிரீத்து சாந்து’ என்றிருந்தது ‘பரிசுத்த ஆவி’ ஆகி, ‘தூய ஆவி’ ஆனபோது, நம் பாட்டிமார் தயங்கியது அறியாமையால் என்று எண்ணிவிடலாகாது. சொல் மாறும்போது ஏதோ மாறுகிறது என்பதை அவர்கள் உணர்ந்தார்கள். என்ன மாறுகிறது, என்ன மாறவில்லை என்று பிரித்துக்காட்டும் கருவியைத்தான் ஃபிரேகே தந்தார்.

இனி இங்கிலாந்துக்கு வருவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே பிராட்லி போன்றோரின் கருத்துமுதல்வாதம் ஆட்சி செலுத்தியது. காலமும் இடமும் தோற்றங்கள், முழுமை ஒன்றே உண்மை என்பது அதன் சாரம். கேம்பிரிட்ஜில் மூரும் பெர்ட்ரண்டு ரஸ்ஸலும் இதற்கு எதிராகக் கிளர்ந்தனர். 1903இல் மூரும் 1905இல் ரஸ்ஸலும் எழுதிய கட்டுரைகள் புதிய பாதையை வகுத்தன. ரஸ்ஸல் பிரெஞ்சு மன்னரை வைத்துச் சொன்னதை நாம் சேர மன்னரை வைத்துச் சொல்லலாம். “இன்றைய சேர மன்னர் வழுக்கைத் தலையர்” என்னும் வாக்கியத்தில் மூன்று கூற்றுகள் ஒளிந்துள்ளன. சேர மன்னர் ஒருவர் இன்று இருக்கிறார். ஒருவர் மட்டுமே இருக்கிறார். அவர் தலை வழுக்கை. முதற்கூற்றே பொய் என்பதால் முழுவதும் வீழ்கிறது. இது விளையாட்டுப் போலத் தோன்றலாம். “மக்களின் ஒப்புதல் இத்திட்டத்துக்கு வலுச் சேர்த்துள்ளது” என்று ஓர் அறிக்கை வரும்போது, ஒப்புதல் என ஒன்று பெறப்பட்டதா என்று முதலில் கேட்கக் கற்றவனுக்கு இது விளையாட்டன்று.

இக்காலத்தில் நம் சென்னை எங்கிருந்தது? இன்று மீஞ்சூரும் அடங்கியுள்ள திருவள்ளூர் மாவட்டத்தின் திருத்தணியில் பிறந்த சர்வபள்ளி இராதாகிருஷ்ணன், அந்நாளில் ஜார்ஜ் டவுனில் இயங்கிய சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் ஹாக் முதலிய மறைப்பணி ஆசிரியர்களிடம் மெய்யியல் கற்று, 1909இல் மாநிலக் கல்லூரியில் ஆசிரியரானார். கேம்பிரிட்ஜ் உதறிக்கொண்டிருந்த கருத்துமுதல்வாதம் இங்கே வேதாந்தத்தோடு கைகோத்தது. இந்தியப் பல்கலைக்கழகங்களில் பல பத்தாண்டுகள் தழைத்தது. அதே சென்னையில், 1912 மார்ச்சுத் திங்களில் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் முப்பது ரூபாய்ச் சம்பளத்துக்குக் கணக்கு எழுத்தராகச் சேர்ந்தார் சீனிவாச இராமானுஜன். 1913 சனவரியில் அவர் கேம்பிரிட்ஜின் ஹார்டிக்கு எழுதிய மடல் டிரினிட்டி கல்லூரியைக் கலக்கியது. ஒயிட்ஹெட்டுடன் இணைந்து எழுதிய ‘பிரின்சிப்பியா மேத்தமேட்டிக்கா’வின் மூன்றாம் தொகுதியை அவ்வாண்டில் வெளியிட்ட ரஸ்ஸலின் செவிக்கும் அச்செய்தி எட்டியது, அவர் தம் கடிதமொன்றில் அதைக் குறிப்பிட்டும் உள்ளார். பகுப்பாய்வு மெய்யியல் பிறந்த கூடத்துக்குள், பிறந்த சில ஆண்டுகளிலேயே, நம் துறைமுகத்து எழுத்தர் ஒருவரின் கணக்குத்தாள்கள் சென்றுசேர்ந்தன. துல்லியம் ஆங்கிலேயரின் பிறப்புரிமை என்று எண்ணுவோர் இதைச் சற்றே சிந்திக்கட்டும்.

முதற்குற்றச்சாட்டை இப்போது எடுத்துக்கொள்வோம். இம்மெய்யியல் கடவுளை மறுப்பதன்றோ? ஒரு காலத்தில் அதன் குரல் அவ்வாறே ஒலித்தது என்பதை மறைப்பதற்கில்லை. வியன்னா வட்டத்தார் வளர்த்த தருக்க நேர்க்காட்சிவாதத்தை ஏ. ஜே. அயர் என்னும் இளைஞர் 1936இல் ‘மொழி, உண்மை, தருக்கம்’ என்னும் நூல்வழி ஆங்கில உலகுக்குக் கொணர்ந்தார். இராதாகிருஷ்ணன் ஆக்ஸ்போர்டில் ஸ்பால்டிங் பேராசிரியராகப் பொறுப்பேற்றதும் அதே ஆண்டில், அதே நகரில்தான். சொல்லின் இலக்கணத்தாலேயே உண்மையாகும் கூற்றுகளும், புலனறிவால் சரிபார்க்கக்கூடிய கூற்றுகளும் தவிர மற்றவை பொருளற்றவை என்றார் அயர். கடவுள் உண்டு என்பதும் பொருளற்றது; இல்லை என்பதும் பொருளற்றது.

இப்பேரிடி எங்கே போய் முடிந்தது? அயரின் விதியை அவ்விதியாலேயே சோதித்துப் பாருங்கள். அது சொல்லின் இலக்கணத்தால் உண்மையாவதும் இல்லை. கண்ணால் கண்டு சரிபார்க்கத்தக்கதும் இல்லை. தன் வாளால் தானே வீழ்ந்தது அது. இக்குறையைச் சுட்டியோர் பெரும்பாலும் பகுப்பாய்வு மரபுக்கு உள்ளே நின்றோரே என்பதைக் கவனிக்க வேண்டும். 1951இல் அமெரிக்கர் குவைன் அவ்வாதத்தின் அடித்தளத்தையே அசைத்தார். அயரும் பிற்காலத்தில் தம் நூலின் குறைகளை வெளிப்படையாக ஏற்றுக்கொண்டார். தன் பிழையைத் தானே கண்டு திருத்தும் ஒரு மரபைக் கடவுளின் பகைவன் என்று முத்திரை குத்துவது நேர்மையாகாது. இயேசு சபைத் தந்தை கோப்பிள்ஸ்டன் அவ்வாறு செய்யவில்லை. அவர் 1948இல் ரஸ்ஸலோடும் 1949இல் அயரோடும் பி.பி.சி. வானொலியில் நேருக்கு நேர் வாதிட்டார். அவருடைய மெய்யியல் வரலாற்றின் ஒன்பது தொகுதிகள் நம் குருமட நூலகங்களில் இருக்கின்றன. அவற்றின் எட்டாம் தொகுதி ரஸ்ஸலோடு முடிகிறது. அதை எத்தனை பேர் திறந்திருக்கிறோம்?

அயரினும் கூர்மையான அறைகூவலை 1950 அளவில் ஆண்டனி ஃபுளூ விடுத்தார். “கடவுள் நம்மை நேசிக்கிறார்” என்கிறீர்கள். எது நடந்தால் அக்கூற்று பொய்யாகும் என்று ஒப்புக்கொள்வீர்கள்? எதுவுமே அதைப் பொய்யாக்காது எனில், அது எதைத்தான் சொல்கிறது? இக்கேள்விக்கு அஞ்சி ஓடுவோர் நம்மில் உண்டு. ஆங்கிலேயச் சபையைச் சேர்ந்த பேசில் மிட்செல் ஓடவில்லை. துன்பம் இறையன்புக்கு எதிராகவே சான்று பகர்கிறது என்பதை உண்மையான விசுவாசி மறுப்பதில்லை. அச்சான்றின் முழுச்சுமையையும் தாங்கிக்கொண்டே, தான் அறிந்த ஒருவரை நம்புவதை விடாதிருக்கிறான் என்று அவர் மறுமொழி கூறினார். இது யோபுவின் நிலை. சிலுவையடியில் நின்ற அன்னையின் நிலை.

இதை நம் ஊர் வாழ்வோடு பொருத்திப் பாருங்கள். ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர், இடுப்பில் பாதுகாப்புப் பட்டை இன்றி உயரத்தில் ஏற்றப்பட்டு, தவறி விழுந்து இறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அடக்கத்துக்கு வந்தோர், “எல்லாம் இறைவனின் சித்தம்” என்கிறோம். ஆறுதல் சொல்லும் நோக்கம் நல்லதே. ஆனால் அச்சொல்லின் பொருள் என்ன? பட்டையில்லாமல் ஏற்றிய மனிதரின் சித்தமும் இறைவனின் சித்தமும் ஒன்றா? அப்படியாயின் நாம் வணங்குவது யாரை? அன்று என்று சொன்னால், எந்தப் பொருளில் அதை இறை சித்தம் என்கிறோம்? இறைவன் விரும்புவது வேறு, இறைவன் அனுமதிப்பது வேறு என்னும் வேறுபாட்டை நம் இறையியல் நூற்றாண்டுகளாகக் கற்பிக்கிறது. அதை மறந்து பேசும்போது, கணக்குக் கேட்கப்பட வேண்டிய மனிதரின் கணக்கை இறைவன் பெயரில் எழுதிவிடுகிறோம். ஃபுளூவின் கேள்வி நம் விசுவாசத்தைக் கொல்வதில்லை; விசுவாசத்தின் பெயரால் நாம் செய்யும் இந்த அநீதியைத்தான் கொல்கிறது.

இரண்டாவது குற்றச்சாட்டு, சொற்சிலம்பம் என்பது. இதை விட்கென்ஸ்டைன் மீதே பெரும்பாலும் சுமத்துகின்றனர். 1889இல் வியன்னாவில் பிறந்து, கத்தோலிக்கத் திருமுழுக்குப் பெற்ற அவர், கேம்பிரிட்ஜில் ரஸ்ஸலின் மாணவரானார். அவரது முதல் நூல் 1921இல் வெளிவந்தது. மொழி உலகின் படம் என்று அதில் வாதிட்டவர், பின்னாளில் தம் கொள்கையைத் தாமே உடைத்தார். சொல்லின் பொருளைப் பெரும்பாலும் அதன் புழக்கத்தில் காணலாம் என்று அவர் காட்டிய இரண்டாம் நூல், அவர் இறந்தபின் 1953இல் வெளிவந்தது. 1951இல் அவர் மறைந்தபோது நண்பர்கள் கத்தோலிக்க முறைப்படி அடக்கம் செய்தனர். இதைக் கொண்டு அவரை விசுவாசி என உரிமை கொண்டாடுவது முறையன்று. அவர் கேட்ட கேள்விகளை வீண்வேலை என ஒதுக்குவதும் முறையன்று.

ஆக்ஸ்போர்டின் ஆஸ்டின் 1955இல் ஆற்றிய உரைகளில், சில வேளைகளில் சொல்வதே செய்வதாகிறது என்று எடுத்துக்காட்டினார். மணமேடையில் ஒப்புதல் மொழிவதும், கப்பலுக்குப் பெயர் சூட்டுவதும் செய்தி அறிவித்தல் ஆகா, அவை செயல்களே. உரியவர், உரிய சூழலில், உரிய முறைப்படி சொன்னாலன்றி அச்செயல் நிகழாது என்றும் அவர் வகுத்தார். இதைப் படிக்கும் கத்தோலிக்கர் எவரும் புன்னகை பூக்காமல் இருக்க முடியுமா? அருளடையாளத்துக்குப் பொருளும், சொல்வடிவமும், திருச்சபை செய்வதைச் செய்யும் கருத்துடைய பணியாளரும் வேண்டும் என்று புளோரன்சு பொதுச்சங்கம் 1439இலேயே கற்பித்தது. பாவமன்னிப்பு மொழி, மன்னிப்பைப் பற்றிய தகவல் ஆகாது. மன்னிப்பு அங்கேயே அளிக்கப்படுகிறது. நாம் நூற்றாண்டுகளாகப் பீடத்தில் அறிந்துவந்ததை ஆஸ்டின் கடைத்தெருவிலும் கண்டார். இதுவா சொற்சிலம்பம்?

இம்மரபில் நமக்கு மிக நெருக்கமானவர் எலிசபெத் ஆன்ஸ்கம். இளமையிலேயே கத்தோலிக்கத் திருச்சபையில் இணைந்தவர்; பீட்டர் கீச்சின் மனைவி; ஏழு மக்களின் தாய். விட்கென்ஸ்டைனின் இரண்டாம் நூலை ஆங்கிலத்தில் பெயர்த்தவர் அவரே. பின்னர் 1970இல் கேம்பிரிட்ஜில் அவர் வகித்த பேராசிரியர் இருக்கையிலும் அமர்ந்தார். 1956இல் அமெரிக்க முன்னாள் அதிபர் ட்ரூமனுக்குச் சிறப்புப் பட்டம் வழங்க ஆக்ஸ்போர்டு முனைந்தபோது, இரோசிமாவிலும் நாகசாகியிலும் குற்றமற்றோரைக் கொல்ல ஆணையிட்டவருக்குப் பட்டமா என எழுந்து எதிர்த்தார். அவரோடு நின்றோர் ஒரு சிலரே, பட்டம் வழங்கப்பட்டது. சொற்களை ஆராய்வோர் வாழ்வைத் துறந்தோர் என்பாருக்கு இப்பெண்மணியே விடை.

அடுத்த ஆண்டு, 1957இல், ‘உள்நோக்கம்’ என்று பொருள்படும் தலைப்பில் அவர் ஒரு சிறு நூல் வெளியிட்டார். அதில் வரும் எடுத்துக்காட்டு ஒன்று மீஞ்சூர் மக்களுக்கென்றே எழுதப்பட்டது போல் இருக்கிறது. ஒருவன் பம்பு அடித்து ஒரு வீட்டின் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுகிறான். அந்நீரில் யாரோ நஞ்சு கலந்திருக்கிறார்கள். அவன் கையை அசைக்கிறான், பம்பை இயக்குகிறான், தொட்டியை நிரப்புகிறான், வீட்டாரை நஞ்சூட்டிக் கொல்கிறான். செயல்கள் நான்கா? செயல் ஒன்று, அதன் விவரிப்புகள் நான்கு. நஞ்சு இருப்பதை அறியாதவன் ஒருவகை. அறிந்தும், “நான் கூலிக்கு என் வழக்கமான வேலையைத்தான் செய்கிறேன்” என்று மனத்துக்குள் சொல்லிக்கொள்பவன் வேறுவகை. மனத்துக்குள் ஒரு சிற்றுரை நிகழ்த்தி, தன் செயலின் உள்நோக்கத்தை விரும்பியபடி மாற்றிக்கொள்ள இயலாது என்றார் ஆன்ஸ்கம்.

நம் நிலத்தடி நீரின் கதை இதுவே அன்றோ? 1960களின் இறுதியிலிருந்து மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் ஆகிய இடங்களின் கிணறுகளிலிருந்து நகருக்கும் ஆலைகளுக்கும் நீர் இறைக்கப்பட்டது. மீஞ்சூர்ப் பக்கத்தில் கடல்நீர் நிலத்தடியில் உட்புகுவதும் அக்காலத்திலேயே கண்டறியப்பட்டது. கிணறுகள் உப்பாயின. உப்பைப் பரப்ப வேண்டும் என்று எவரும் எண்ணியிருக்க மாட்டார்கள். தொடக்கத்தில் அறியாமல் செய்ததற்கு அறியாமை சாட்சி நிற்கட்டும். கண்டறிந்த பின்னும் தொடர்ந்து இறைத்த நீர் பற்றி என்ன சொல்வது? “நகருக்கு நீர் தந்தோம்” என்பது மெய்யான விவரிப்பு. “ஊர்க் கிணற்றை உப்பாக்கினோம்” என்பதும் அதே செயலுக்குரிய மெய்யான விவரிப்பு. முதல் விவரிப்பை மட்டும் ஏட்டில் எழுதி, இரண்டாவதை “தவிர்க்க இயலாத பக்கவிளைவு” என்று அடைப்புக்குள் தள்ளுவதைத்தான் நாம் கேள்வி கேட்க வேண்டும். இரட்டை விளைவுக் கோட்பாட்டைக் கற்ற கத்தோலிக்கர்கள் இதில் முன்னிற்க வேண்டியவர்கள். முன்னறிந்த தீமைக்குத் தகுந்த காரணம் இருந்ததா, வேறு வழி தேடப்பட்டதா என்று கேட்பது அக்கோட்பாட்டின் உயிர். தீமையை மூடும் போர்வையாக அது வகுக்கப்படவில்லை.

அயரின் விதி கூட, அதன் செருக்கைக் களைந்தபின், நமக்குப் பயன்படும். 2017 சனவரி 28 அன்று எண்ணூர்க் கடலில் இரு கப்பல்கள் மோதின. எண்ணெயால் கடலுக்குக் கேடில்லை என்னும் பொருள்படவே முதல் அறிவிப்புகள் வந்தன. அடுத்த நாள்களில் எர்ணாவூர்க் கரையில் மீனவரும் இளைஞரும் வாளி கொண்டு எண்ணெய்ச் சேற்றை அள்ளினர். “எதைக் கண்டால் உம் கூற்று பொய் என ஒப்புவீர்?” என்று அன்றே கேட்கத் தெரிந்த குடிமக்கள் நமக்கு வேண்டும். விண்ணகத்தைப் பற்றிய கூற்றுகளை அயர் தம் அளவுகோலால் அளக்க முயன்று தோற்றார். கடற்கரையைப் பற்றிய கூற்றுகளுக்கு அவ்வளவுகோல் சாலப் பொருந்தும்.

மற்றொரு சொல்லையும் பாருங்கள். துறைமுகத்துக்கும் ஆலைக்கும் நிலத்தையும் கரையையும் இழந்தோரை, “நாட்டுக்காகத் தியாகம் செய்தவர்கள்” என்று மேடைகளில் புகழ்கிறார்கள். தியாகம் செய்தான் என்னும் வினைக்கு எழுவாய் யார்? தன்னுடையதைத் தானே மனமுவந்து கொடுப்பவன். கேளாமல் எடுக்கப்பட்டவன் தியாகி அல்லன்; பறிகொடுத்தவன். கிறிஸ்துவின் பலி பலியாவது, அவரே குருவாகவும் அவரே பலிப்பொருளாகவும் இருப்பதால். அந்த உயரிய சொல்லை எடுத்துப் பறிகொடுத்தவரின் கழுத்தில் மாலையாகப் போட்டு, அவர் வாயை அடைப்பதைக் கண்டும் நாம் பேசாதிருக்கலாமா?

மூன்றாவது குற்றச்சாட்டு எஞ்சியுள்ளது: இது அந்நியச் சரக்கு என்பது. மணிமேகலையின் 29ஆம் காதையைப் புரட்டிப் பாருங்கள். துறவு பூண்ட ஒரு தமிழ்ப் பெண்ணுக்கு அறவண அடிகள் அளவை இலக்கணம் கற்பிக்கிறார்; மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு ஆகியவற்றில் நேரும் போலிகளை ஒவ்வொன்றாக எடுத்துரைக்கிறார். வடமொழித் தருக்க சங்கிரகத்தைப் பதினெட்டாம் நூற்றாண்டில் சிவஞான முனிவர் தமிழாக்கினார். நம் வீரமாமுனிவர் 1732இல் சதுரகராதியைத் தொகுத்தபோது செய்ததும் சொல்லை அதன் இடத்தில் நிறுத்தும் பணியே. 1936இல் இராதாகிருஷ்ணன் அமர்ந்த அதே ஸ்பால்டிங் இருக்கையில், 1976இல் வங்கத்தின் பிமல் கிருஷ்ண மதிலால் அமர்ந்தார். நவ்ய நியாயத்தை மரபுவழிப் பண்டிதர்களிடமும், புதிய தருக்கத்தை ஹார்வர்டிலும் கற்ற அவர், இந்தியத் தருக்க மரபைப் பகுப்பாய்வு மெய்யியலோடு சரிசமமாக உரையாட வைத்தார். இந்தியா என்றால் மறைபொருள் ஞானம் மட்டுமே என்னும் மேனாட்டு எண்ணத்தை அவர் இறுதிவரை எதிர்த்தார். மேனாட்டார் கைவிடத் தொடங்கிய அந்த எண்ணத்தை நாம் ஏன் பெருமையோடு சுமக்க வேண்டும்?

பகுப்பாய்வு மெய்யியலார் மீது நமக்கும் ஒரு வழக்கு உண்டு. அதைச் சொல்லாது விட்டால் நம் வாதம் ஒருதலையாகும். ஆன்ஸ்கம் 1958இலேயே தம் காலத்து அறவியலாரைக் கடுமையாகச் சாடினார். அவர்களில் பலர் ‘கடமை’ என்னும் சொல்லை ஆராய்ந்தார்களே அன்றி, குற்றமற்றவனைத் தண்டிப்பது என்றுமே தீது என்று துணிந்து சொல்லவில்லை. பல்கலைக்கழக அறைகளுக்குள் ஒருவர்க்கொருவர் மட்டுமே விளங்கும் மொழியில் எழுதிக்கொள்வது அம்மரபின் நோய். “பொருள் என்ன?” எனக் கேட்கப் பிறந்த மரபு, பொருள் விளங்காமல் எழுதுவது நகைப்புக்குரியது. கத்தியை நாள் முழுதும் தீட்டிவிட்டு, காய் நறுக்காமலே உறங்கப் போகும் சமையற்காரரை யார் மெச்சுவார்? எனினும் அதற்காக மொண்ணைக் கத்தியே சிறந்தது என்று வாதிடுவோரை நாம் ஏற்பதற்கில்லை.

விசுவாசமும் அறிவும் பற்றி 1998இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் வெளியிட்ட சுற்றுமடல், அறிவை அஞ்சும் விசுவாசம் கட்டுக்கதையாகச் சுருங்கிவிடும் இடரை எச்சரித்தது. அவ்வெச்சரிக்கையைச் செயலாக்கப் பெரும் பொருள் தேவையில்லை. ஒவ்வொரு பங்கிலும் அன்பியக் கூட்டங்கள் நடக்கின்றன. திங்களுக்கு ஒரு சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள்: இறை சித்தம், தியாகம், வளர்ச்சி, ஒப்புதல், இழப்பீடு, மன்னிப்பு. அச்சொல்லை யார், யாரிடம், எதற்காகச் சொல்கிறார் என்று கேளுங்கள். எது நடந்தால் அது பொய்யாகும் என்று கேளுங்கள். அதே செயலுக்கு வேறு எந்த விவரிப்பு பொருந்தும் என்று கேளுங்கள். ஆலைத் தொழிலாளரும், மீன் விற்கும் தாய்மாரும், கல்லூரி மாணவரும் ஒரே பாயில் அமர்ந்து இதைச் செய்ய முடியும். தமிழிலேயே முடியும். குருக்களாகிய எங்களையும் அங்கே நிறுத்திக் கேளுங்கள். மறையுரை மேடை கேள்விக்கு அப்பாற்பட்ட இடமன்று.

தொடக்கத்தில் வாக்கு இருந்தது என்று அறிக்கையிடுவோர் நாம். வாக்கு மனுவுருவானார் என்பதற்காக முழந்தாளிடுவோர் நாம். சொல்லை இத்துணை உயர்வாக மதிக்கும் மறையில் பிறந்தவர்கள், வாயில் வந்த சொல்லைப் பொருளறியாமல் வீசுவதும், பிறர் வீசும் சொல்லைச் சோதியாமல் விழுங்குவதும் தகுமா? ஆம் என்பது ஆம் எனவும் இல்லை என்பது இல்லை எனவும் இருக்க வேண்டுமெனில், எதற்கு ஆம் சொல்கிறோம் என்பதை முதலில் அறிந்தாக வேண்டும்.